சலினா குரூஸ் சீஸும் துறையூர்ப் பாலும்

மாத்ருபூதம் ஊர் திரும்பியதிலிருந்து அந்த ஸ்ரீரங்கத்து வீட்டில் அதிகம் அடிபட்டது ஃபிரிட்ஜ் கதவுதான். திறப்பார், குனிந்து உள்ளே பார்ப்பார், ஒன்றையும் எடுக்காமல் மூடுவார். பால்கனிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்று மேலூர் ரோட்டில் போகிற வருகிற வண்டிகளைப் பார்ப்பார். திரும்பி வந்து மறுபடியும் ஃபிரிட்ஜைத் திறப்பார். குட்டி போட்ட பூனைகூட நடுவில் ஒருதரம் படுத்து எழும். இந்த மனுஷருக்கு இருப்பே கொள்ளவில்லை.

“என்னங்க வேணும்?” என்று பூரணி கேட்டால், “ஒண்ணுமில்ல, சும்மா பார்த்தேன்” என்பார். ஃபிரிட்ஜுக்குள் சும்மா பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இட்லி மாவு, நாலு கத்திரிக்காய், முந்தாநாள் வைத்த புளிக்குழம்பு. அவர் தேடுவது அங்கே இல்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மாத்ருபூதம் வெல்டர். துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகம் செய்கிற பட்டறைகளில் குழாயோடு குழாயை ஒட்டியே தலை நரைத்தவர். ஆர்டர் குறைந்து பட்டறைகள் ஒவ்வொன்றாக வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்தபோது, ஒரு ஏஜென்ட் மூலம் மெக்சிகோவுக்குப் போனார். சலினா குரூஸ் என்று கடலோரத்தில் ஒரு ஊர், எண்ணெய் ஆலை வேலை. நாலு வருஷம் அங்கே இருந்தார். இடையில் ஒரே ஒரு தடவை வந்து, பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல் திரும்பிப் போனார். ஒப்பந்தம் முடிந்து இப்போது வந்து சேர்ந்து, பழைய பட்டறையிலேயே சூப்பர்வைசராக இருக்கிறார்.

அந்த நாலு வருஷத்தில் பூரணி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. முசிறியில் வாழைக்காய் வியாபாரி வீட்டில் பிறந்து, கல்யாணம் வரைக்கும் காவிரிக்கரையைத் தாண்டிப் போகாத பெண், நாற்பது வயசுக்கு மேல் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட புதிதில் அம்மாமண்டபம் ரோட்டில் ஒரு பூக்கூடையை இடித்துத் தள்ளிவிட்டு, பூக்காரியோடு சேர்ந்து உட்கார்ந்து அத்தனை பூவையும் பொறுக்கினாள். காலையில் மருந்துக்கடையில் பில் போடும் வேலை பார்த்தாள். மகளைக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்த்து ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தாள். மாமனார் காரியத்தைத் தனியாக நின்று நடத்தினாள். புருஷன் திரும்பி வந்து “கரண்ட் பில் கட்டணுமே” என்று வாயைத் திறப்பதற்குள் அது கட்டி முடிந்திருக்கும்.

ஆகவே வீட்டில் அவருக்குப் பேச மிஞ்சியது மெக்சிகோ ஒன்றுதான். அதிலும் சீஸ்.

“அது சீஸே இல்ல பூரணி, அது வேற” என்று ஆரம்பிப்பார். அதற்குப் பெயர் கெசீயோவாம். பாலை உறையவைத்து, வெந்நீரில் பிசைந்து, புரோட்டா மாஸ்டர் மாவை இழுப்பதுபோல் நீட்டி நீட்டி நாடாவாக்கி, கடைசியில் நூல்கண்டு மாதிரி உருண்டையாகச் சுற்றிவிடுவார்களாம். பிய்த்தால் இழை இழையாக வருமாம். சூடான சோள ரொட்டிக்குள் வைத்து மடித்தால் இளகி, கடித்து இழுக்கும்போது முழ நீளத்துக்கு வருமாம். அறாதாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்வீரா அந்த உருண்டையை மேஜை நடுவில் வைத்துவிட்டால், குடியிருந்தவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அவரவர் பங்கைப் பிரித்துப் பிரித்துச் சாப்பிடுவார்களாம்.

எல்வீரா என்ற பெயரை முதல்முதலாகக் கேட்டபோது பூரணி நறுக்கிக்கொண்டிருந்த காயை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். “யாருங்க அது?” என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டு, போட்டோவையும் வாங்கிப் பார்த்தாள். அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா. எழுபதுக்கு மேல் வயசு, முன்பல் இரண்டு இல்லை, இவரைப் பிள்ளைமாதிரி தோளில் கை போட்டுப் பிடித்திருந்தாள். மனசு ஆறியது. கூடவே எரிச்சலும் வந்தது. இளம் வயசுக்காரியாக இருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம், பல்லுப்போன கிழவியோடு என்ன மல்லுக்கட்டுவது?

இதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சாக இருந்தவரைக்கும் பரவாயில்லை. ஒருநாள் துணி எடுக்கப் பால்கனிக்குப் போனவள், அவர் ஃபோனில் பேசுவதைக் கேட்டுவிட்டாள். எதிர்முனையில் பழைய ஏஜென்ட். “மெயில் வரட்டும் சார், பார்த்துட்டுச் சொல்றேன். இல்ல, முடியாதுன்னு சொல்லல. யோசிச்சுச் சொல்றேன்” என்றார் மாத்ருபூதம். அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

அன்றோடு பூரணிக்கும் நிம்மதி போயிற்று. மருந்துக்கடையில் இருமல் மருந்துக்கு வந்தவருக்கு வயிற்றுவலி மாத்திரையைப் பில் போட்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருக்கும்போது பாதியில் எழுந்து போய் அவர் ஃபோன் சார்ஜில் இருக்கிறதா, மெயில் ஏதாவது வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். இந்த மனுஷர் மறுபடியும் போய்விடுவாரோ என்ற ஒரே யோசனைதான். நேராகக் கேட்டுவிடலாம். ஆனால் நாலு வருஷம் ஒண்டியாக நிர்வாகம் பண்ணியவள் இப்போது போய்க் கெஞ்சுவதா என்று ஒரு வீம்பு. அதுதவிர, சம்பாதிக்கக் கிளம்புகிறவனை மறிக்கக் கூடாது என்று முசிறியில் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

யோசித்து யோசித்து அவள் ஒரு கணக்குப் போட்டாள். இவர் அங்கே போக ஆசைப்படுவது எதற்கு? அந்தச் சீஸுக்கு. அதை இங்கேயே கொண்டுவந்து தட்டில் வைத்துவிட்டால் போவதற்கு என்ன இருக்கிறது? கேட்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். வெளியே சொன்னால் வெட்கக்கேடு என்று அவளுக்கும் தெரியும், அதனால் யாரிடமும் சொல்லாமல் ஆரம்பித்தாள்.

முதலில் தில்லைநகர் சூப்பர் மார்க்கெட். பீட்சாவுக்குப் போடுகிற சீஸ் ஒன்றை வாங்கி வந்து, தோசை மேல் தூவி உருக்கிக் கொடுத்தாள். மாத்ருபூதம் கல்யாணவீட்டுச் சமையல்காரரிடம் சொல்வதுபோல் “நல்லாருக்கு” என்றார். பாதித் தோசை தட்டிலேயே கிடந்தது. 

அடுத்தது பரக்கத் அலி. காந்தி மார்க்கெட் பக்கத்துச் சந்தில் குளிர்பதனக் கடை வைத்திருக்கிறவர், ஹோட்டல்களுக்கெல்லாம் வெண்ணெய், சீஸ், பட்டாணி சப்ளை. மருந்துக்கடை முதலாளிக்குத் தெரிந்தவர் என்பதால் பூரணி தைரியமாகப் போய்க் கேட்டாள்.

“மெக்சிகன் சீஸா? இருக்குக்கா! ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கு” என்று உள்ளே போய், பெரிய தொப்பியும் மீசையுமாக ஒரு ஆள் படம் போட்ட பாக்கெட்டை எடுத்து வந்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே பச்சைமிளகாய்த் துணுக்குகள் பதித்த வில்லைகள். மாத்ருபூதம் படத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஊருக்கு வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான். அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை ஸ்கூட்டரை அலியின் கடைவாசலில் நிறுத்தினாள்.

“ஏன் பாய், தொப்பி போட்டவன் படத்தைப் போட்டா அது மெக்சிகோ ஆயிடுமா? அந்த ஊர்ல இருந்துட்டு வந்தவர் எங்க வீட்ல இருக்காரு. அவரு சிரிக்கிறாரு.”

அலிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் சொன்ன அடையாளங்களை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அங்கேயே நின்றபடி சென்னைக்கும் பெங்களூருக்கும் ஃபோன் போட்டார். பெங்களூரில் ஒருத்தர் செய்வாராம், இப்போது நிறுத்திவிட்டாராம். மும்பையில் ஒருத்தர் அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பியும் வைத்தார். ஐஸ் எல்லாம் உருகி வந்து சேர்ந்த பையைப் பிரித்தபோது பக்கத்துக் கடைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

“மன்னிச்சுக்கங்கக்கா. நேரா அந்த ஊர்லேருந்தெல்லாம் இது இங்க வராது. சட்டுனு கெட்டுப்போற பொருளு, செய்யற ஊர்லயே தின்னு தீர்த்துடுவாங்களாம். வேணும்னா நீங்களே வீட்ல செஞ்சு பாருங்க. பாலை உறைய வைக்கிற பவுடர் என்கிட்ட இருக்கு. பயப்படாதீங்க, கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுக்கறது இல்ல, சைவம். அல்லா புண்ணியத்துல நல்லா வரும்.”

அப்படித்தான் பூரணி சீஸ் போட ஆரம்பித்தாள். அவர் துவாக்குடி பஸ் ஏறியதும், மருந்துக்கடையில் மத்தியானத்தோடு வேலை முடித்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஃபோனை மிக்ஸியில் சாய்த்து வைத்து வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தாள். முதலில் பாக்கெட் பால். அது உறையவே மாட்டேன் என்று கெஞ்சவைத்தது. “பாக்கெட் பால் ஆகாதுக்கா, மாட்டைக் கறந்த பால் வேணும்” என்றார் அலி.

துறையூர்ப் பக்கம் அவளுடைய பெரியப்பா மகன் பெரியண்ணன் இருக்கிறார். பெயரும் பெரியண்ணன், முறையும் அண்ணன். நிலம் உண்டு, இரண்டு நாட்டு மாடு உண்டு. ஃபோன் செய்து, “அண்ணே, தண்ணி கலக்காத சுத்தமான பால் வேணும்” என்றாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அண்ணி பவுனம்மாள் தூக்குவாளியில் ஊற்றி மூடித் துணி கட்டிக் கொடுப்பாள், அவர் திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார், பூரணி ஸ்கூட்டரில் போய் டோல்கேட்டில் வாங்கிக்கொள்வாள். 

பால் என்னவோ வந்தது. சீஸ் வரவில்லை. மோர் விட்டு, பவுடர் கரைத்து ஊற்றினால் உறையும். கத்தியால் கீறி, சூட்டில் வைத்திருந்து, புளிப்பு ஏறியபின் வெந்நீரில் போட்டு இழுக்க வேண்டியதுதான் பாக்கி. போட்டவுடன் புட்டுமாவாக உதிரும். இழை என்ன, இழை! இரண்டு விரலுக்கு நடுவில் ஒட்டக்கூட மாட்டேன் என்றது. சூடு போதவில்லையோ என்று, அவர் வேலைக்கு வைத்திருக்கிற சூடு பார்க்கும் கருவியை அலமாரியிலிருந்து எடுத்துப் பாலில் காட்டிப் பார்த்தாள். சூடு சரியாகத்தான் இருந்தது. நேரத்தைக் கூட்டினாள், குறைத்தாள். பவுடரை மாற்றினாள். பரக்கத் அலியோடு சண்டை பிடித்தாள், “காலாவதியானதைக் கொடுத்துட்டீங்க பாய்” என்று. அவர் பாக்கெட்டின் தேதியைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார்.

வீணாய்ப்போனதைக் கொட்ட மனசு வராது. சர்க்கரையைப் போட்டுக் கிளறிவிடுவாள். “என்ன பூரணி, தினம் தினம் இனிப்பா இருக்கு? என்ன விசேஷம்?” என்று கேட்டுக்கொண்டே மாத்ருபூதம் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு பால்கனிக்குப் போவார். ஃபோனை எடுப்பார், பார்ப்பார், வைப்பார். அந்த மெயில் இன்னும் வரவில்லை என்று அவர் முதுகைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். இரவு படுத்தாலும் கண்ணுக்குள் உதிர்ந்த பால்தான்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல், மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு விடியற்காலையில் துறையூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். மாட்டைப் பார்க்க வேண்டும், தீவனத்தைப் பார்க்க வேண்டும், கறக்கிற கையைப் பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினாள். பவுடரும் பையில் இருந்தது. மண்ணச்சநல்லூர் தாண்டுவதற்குள் கண்டக்டரிடம் இரண்டு தடவை, “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டுவிட்டாள். மாசக்கணக்காக அவள் தூக்குவாளியைச் சுமந்த மனுஷர் அவர். “நேர்லயே கறக்கப் போறீங்களாக்கா?” என்று கேட்டுச் சிரித்தார்.

பெரியண்ணன் வாசலில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். “வா பூரணி. என்னம்மா திடுதிப்புனு? மாப்பிள்ளை நல்லாருக்காரா?” என்றார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே பூரணி நேராக அடுப்படிக்குப் போனாள். அங்கே விறகடுப்பில் பெரிய குண்டானில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. பவுனம்மாள் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தேய்த்துக் கவிழ்த்த தூக்குவாளி.

“யாருக்கு அண்ணி இவ்வளவு பால்?”

“நல்லா கேட்டே! உனக்குத்தான். இன்னிக்கும் அனுப்பணும்னு காய்ச்சிக்கிட்டிருக்கேன். நீயே வந்து நிக்கிற.”

“காய்ச்சியா அனுப்புறீங்க?”

பவுனம்மாளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “பின்னே? பச்சைப்பாலை யாராச்சும் பஸ்ஸுல ஏத்துவாங்களா? அவ்வளவு தூரம் குலுங்கிட்டுப் போனா திரிஞ்சுடாது? நல்லா மூணு பொங்கு பொங்கவிட்டு, ஆறவச்சு, ஆடையை எடுத்துட்டுத்தான் ஊத்துவேன். ஆடை மிதந்தா டவுன்ல பழைய பாலுன்னு நெனைச்சுடுவீங்கன்னு அவருதான் சொன்னாரு.”

பூரணி அம்மிக்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ‘பாலைக் கொதிக்க விடாதீர்கள்’ என்று அந்த வீடியோக்காரி தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். இவளும் கொதிக்கவிடாமல்தான் செய்தாள். இவள் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அது கொதித்து, ஆடையும் போய் வருகிறது என்று யார் கண்டது? காய்ச்சின வாசனைதான் பால் வாசனை என்று நாற்பத்தாறு வருஷமாகப் பழகிய மூக்கு. பச்சைப்பால் எப்படி மணக்கும் என்று அந்த மூக்குக்கு எப்படித் தெரியும்? ‘சுத்தமான பால்’ என்று கேட்டாள், அண்ணி சுத்தம் பண்ணி அனுப்பினாள். அண்ணி மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பூரணிக்கு முதலில் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே இருந்ததில் கண்ணீரும் வந்தது.

“ஏண்டி, என்னடி ஆச்சு? பாலுதானே கேட்டே?” என்று பவுனம்மாள் பதறினாள்.

பூரணி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சீஸ், மெக்சிகோ, எல்வீரா, பால்கனி ஃபோன். கேட்டுவிட்டுப் பவுனம்மாள் குண்டானை இறக்கி ஓரமாக வைத்தாள். வெளியே பார்த்து, “ஏங்க, செவலை இன்னும் கறக்கலையே? கறந்து அப்படியே கொண்டாங்க. அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேணாம்” என்று குரல் கொடுத்தாள்.

நுரையோடு வந்த பாலை இளஞ்சூட்டில் வைத்து, மோர் கலந்து, பவுடர் கரைத்து ஊற்றினாள் பூரணி. உறைந்ததைக் கீறினாள். இளம்பச்சையாகத் தண்ணி பிரிந்தது. அதற்குப் பிறகு புளிப்பு ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாசலுக்குப் போனாள், வந்தாள். கொட்டகையைக் கூட்டினாள். அண்ணி வேண்டாம் என்று சொல்லியும் கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினாள். பெரியண்ணன் மக்காச்சோளக் காட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டார். நடுநடுவே ஒரு துண்டைக் கிள்ளி வெந்நீரில் போட்டுப் பார்த்தாள். உதிர்ந்தது. மறுபடியும் போட்டாள், உதிர்ந்தது.

வெயில் சாய்கிற நேரத்துக்குப் போட்ட துண்டு உதிரவில்லை. இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். பளபளவென்று வந்துகொண்டே இருந்தது.

“அண்ணி! அந்த முனையைப் பிடிங்க, விட்டுடாதீங்க!”

பவுனம்மாள் ஒரு முனை, இவள் ஒரு முனை. அடுப்படியிலிருந்து நடைவரைக்கும் நாடா நீண்டது. சூட்டில் இருவர் கையும் சிவந்துபோயிற்று. உப்புத் தடவப் போனபோது, “பால்ல உப்பா? கறந்த மாட்டுக்கு ஆகாதுடி” என்று பவுனம்மாள் தடுத்தாள். “இது பாலு இல்ல அண்ணி, சீஸு” என்று சமாதானம் சொல்லித் தடவி, நூல் சுற்றுவதுபோல் சுற்றி உருண்டையாக்கினார்கள். பெரியண்ணன் ஒரு இழையைப் பிய்த்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். “நல்லாத்தான் இருக்கு. இதுக்காக ஒருத்தன் கப்பலேறிப் போவானா?” என்றார்.

உருண்டையைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்தபோது பூரணிக்கு ஊரையே ஜெயித்த மாதிரி இருந்தது. டோல்கேட் வருவதற்கு முன் ஃபோன் அடித்தது.

“எங்க இருக்கே?” என்றார் மாத்ருபூதம். “நான் சீக்கிரமே வந்துட்டேன். அந்தக் கம்பெனி மெயில் வந்துருச்சு. வா, பேசணும்.”

வெண்ணெய் திரளும்போது தாழி உடைகிறது என்பது இதுதான். கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. முன்னால் ஏதோ லாரி. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக் கழற்றியதும் அடுப்படிக்குள் போனாள். “முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்” என்றாள். மக்காச்சோள மாவில் ரொட்டி தட்டி, கல்லில் போட்டு, உருண்டையைப் பிரித்து இழைகளை உள்ளே வைத்து மடித்தாள். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்பருகே போய் நின்றுகொண்டாள்.

மாத்ருபூதம் கடித்தார், இழுத்தார். இழை அறாமல் நீண்டது. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். கண்ணை மூடினார்.

“இதேதான்” என்றார். “பூரணி, இதேதான். எங்கேருந்து வந்துச்சு?”

அவள் சொன்னாள். அவர் சிரித்தார், தலையை ஆட்டினார், இரண்டாவது ரொட்டியை எடுத்தார். பாதியில் ஃபோனை எடுத்துப் படம் பிடித்து எல்வீராவுக்கு அனுப்பினார். உடனே அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. மாத்ருபூதம் ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தார். உரக்கப் பேசினார், கையை ஆட்டிப் பேசினார், நடுநடுவே தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. இந்த வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள், அந்தப் பாஷைக்குள் போனதும் பத்து வயசு குறைந்துவிட்டார். பேசி முடித்தபோது அவர் பார்வை சுவரைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. தன் கையாலேயே டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்று பூரணிக்குப் புரிந்தது. போகவிடாமல் பிடித்துவைக்கும் என்று செய்தது, வழி காட்டிவிட்டது.

“ஒரு வருஷம்தான்” என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. “நாளைக்குள்ள பதில் சொல்லணும். இங்க நான் இருந்தும் என்ன? நீ எல்லாத்தையும் பார்த்துக்கிறே. நான் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கேன். நீ என்ன சொல்றே?”

‘உங்க இஷ்டம்’ என்று வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொல்வதுதான் சுலபம். பூரணி அடுப்பை அணைத்தாள்.

“போகாதீங்க.”

“என்ன?”

“போகாதீங்கன்னு சொல்றேன். நீங்க இல்லாம இருக்கறதுக்கு நான் பழகிட்டேங்க. நல்லாவே பழகிட்டேன். இன்னொரு தடவை பழகினேன்னா, அப்புறம் நீங்க வந்து நின்னாலும் எனக்கு வேணாம்னு ஆயிடும். அதுதான் எனக்கு பயமா இருக்கு. வீட்ல எதையுமே உங்களை நான் செய்ய விடல. அது என் தப்பு. சண்டை போடுங்க, கேளுங்க. ஆனா போகாதீங்க.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் இவ்வளவு நீளமாக எதையும் கேட்டதில்லை. மாத்ருபூதம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“முதல்ல நான் மெக்சிகோ கிளம்பின அன்னிக்கு ஏர்போர்ட்ல” என்றார் மெல்ல, “உள்ள போற கடைசி கதவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நீ இதைச் சொல்லுவேன்னு. நீ சிரிச்சுக்கிட்டே கையாட்டினே.”

“கிளம்புறவங்களை மறிக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்கங்க.”

“இப்ப நான் இன்னும் கிளம்பலையே.”

பூரணி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சரி” என்றார் அவர். “நாளைக்குக் காலையில வரலைன்னு மெயில் போட்டுடறேன்.”

“இப்பவே போடுங்க” என்றாள் பூரணி. அவர் போட்டு முடித்ததும், அது போய்ச் சேர்ந்ததா என்று ஃபோனைக் கையில் வாங்கிப் பார்த்தபிறகுதான், அவர் தட்டில் மிச்சமிருந்த ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டாள்.